பழைய வீவக வீட்டைக் குடும்பத்தோடு புதுப்பிக்க: எங்கே தொடங்குவது, எதில் காசைப் போடுவது

மறுவிற்பனை வீட்டின் சாவி கைக்கு வந்த அன்று அப்பா முதலில் செய்தது, சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளிக் காசை எடுத்துக் குளியலறைத் தரையைத் தட்டிப் பார்த்ததுதான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூலையிலிருந்து ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக்கொண்டே வந்தார். மற்ற இடமெல்லாம் கெட்டியாக 'டக் டக்' என்றது. தண்ணீர் இறங்கும் துளையைச் சுற்றி மட்டும் 'டொப்' என்று வெற்றுச் சத்தம். "இங்க அடியில பிடிப்பே இல்ல, தண்ணி இறங்கியிருக்கும்" என்றார். நாங்களோ அதுவரை சமையலறை அலமாரிக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

எழுபதுகளின் கடைசியில் சிங்கப்பூரின் அங் மோ கியோவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய நாலறை வீடு அது. அப்பா, அம்மா, தம்பி, தம்பி மனைவி, நான் என ஐந்து பேருக்காக வாங்கினோம். அதைப் புதுப்பித்ததிலும், பிறகு சொந்தக்காரர்கள் இருவர் வீட்டு வேலைக்குக் கூடமாட நின்றதிலும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். முதல்முறையாக இதில் இறங்குகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் மறையப்போகிற வேலைக்கு முதலில் பணத்தை எடுத்து வையுங்கள். குழாய், வயர், தண்ணீர் கசியாமல் பூசும் பூச்சு. அலங்காரத்தை மிச்சப் பணத்தில் செய்யலாம், அடுத்த வருடமும் செய்யலாம். தரைக்கு அடியில் விட்ட குறையைச் சரிசெய்ய வேண்டுமென்றால் மேலே போட்ட எல்லாவற்றையும் உடைக்க வேண்டும்.

முதல் வேலை: வீட்டைச் சோதித்துப் பார்ப்பது

ஒரு டார்ச்சும் நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு பகலில் போங்கள். முதலில் கூரையைப் பாருங்கள். குளியலறை, சமையலறைக் கூரையில் பெயிண்ட் உப்பியிருந்தாலோ சிமெண்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தாலோ, உள்ளே இருக்கும் இரும்பு துருவேறிப் பருத்து சிமெண்டைத் தள்ளுகிறது என்று அர்த்தம். பழைய கட்டடங்களில் இது சாதாரணமாக நடப்பதுதான். ஆனால் அதன்மேல் பெயிண்ட் அடித்து மறைத்தால் நிற்காது. தளர்ந்த சிமெண்டைத் தட்டி எடுத்து, கம்பியின் துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, அதற்கென்று உள்ள கலவையால் பூச வேண்டும். அந்த இடத்தில் பொய்க்கூரை போடும் எண்ணம் இருந்தால் இதை முடித்துவிட்டுப் போடுங்கள்.

குளியலறைக் கூரையில் ஈரக்கறை இருந்தால் அது மேல்வீட்டுத் தரையிலிருந்து வருவது. மேல்வீடும் கீழ்வீடும் சேர்ந்து சரிசெய்ய வேண்டிய விஷயம் அது. வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவியில் செலவில் பாதியைக் கழகம் ஏற்கும், இரண்டு வீட்டாரும் கால் பங்கு வீதம் கொடுப்பார்கள். உங்கள் வேலை தொடங்கும் முன்பே மேல்வீட்டில் பேசிவிடுங்கள். புதுக் கூரை போட்ட பிறகு கறை வந்தால் மனம் நொந்துபோகும்.

அடுத்து, காலையில் முதல் தண்ணீரை ஒரு வெள்ளை வாளியில் பிடித்துப் பாருங்கள். பழுப்பு நிறம் வந்தால் பழைய இரும்புக் குழாய் துருவேறியிருக்கலாம். முழுக் குழாயையும் மாற்றக் கணக்குப் போடுங்கள்.

பிறகு மின்சாரப் பெட்டி. 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகளில் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாமல் இருக்கலாம். எல்லா வீட்டிலும் அது இருக்க வேண்டும் என்று 2023 ஜூலை 1 முதல் சட்டம். இல்லாத வீடுகளுக்குக் கொடுத்த இரண்டு ஆண்டு அவகாசமும் 2025 ஜூலை 1-இல் முடிந்துவிட்டது. பழைய வீட்டின் மெயின் சுவிட்ச் 30 ஆம்பியராக இருந்தால், ஏர்கான் போடுவதற்கு முன் அதை 40-க்கு உயர்த்த வேண்டுமா என்று உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் கேளுங்கள். உறவினர் ஒருவருக்கு வயரிங் தெரியும் என்பதற்காக அவரிடம் கொடுத்துவிடாதீர்கள். பாசம் வேறு, உரிமம் வேறு.

சன்னல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பாருங்கள். வெளிப்பக்கம் திறக்கும் சன்னலில் அலுமினிய ரிவெட் இருக்கக்கூடாது, துருப்பிடிக்காத எஃகு ரிவெட்தான் இருக்க வேண்டும். இது 2004-லிருந்து உள்ள கட்டாயம். பத்தாவது மாடியிலிருந்து சன்னல் கழன்று விழுந்தால் கீழே நடப்பவர் யாரோ ஒருவரின் பிள்ளை.

அடுத்தது குடும்பத்தோடு உட்கார்வது

பலர் இந்தக் கட்டத்தைத் தாண்டி நேராகக் காண்ட்ராக்டரிடம் போய்விடுகிறார்கள். அங்கே முப்பரிமாணப் படத்தைப் பார்த்து மயங்கி, வீடு வந்த பிறகு அம்மா, "கிரைண்டர எங்கப்பா வைக்கிறது?" என்று கேட்கும்போதுதான் விழிப்பு வரும்.

இப்போது குடியிருக்கும் வீட்டில் ஒரு வாரம் ஒருவரையொருவர் கவனியுங்கள். யார் எத்தனை மணிக்குக் குளிக்கிறார், எங்கே செருப்பை விடுகிறார், துணி எங்கே மடிகிறது, பத்து கிலோ அரிசி மூட்டையை யார் தூக்குகிறார். நாங்கள் அப்படிப் பார்த்தபோது, அப்பா இரவில் இரண்டு முறை கழிவறைக்கு எழுந்து போவது எனக்கு முதல்முறையாகத் தெரிந்தது. அவர் அறையிலிருந்து கழிவறை வரை தரையோரம் சின்ன விளக்கு வைத்தோம். எந்தக் காண்ட்ராக்டரும் இதை நமக்குச் சொல்லித் தரமாட்டார்.

ஒரு இடத்தை அதிகம் பயன்படுத்துகிறவர் யாரோ, அந்த இடத்தைப் பற்றி அவர் சொல்வதுதான் முடிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சமையலறையில் அம்மா, படிக்கும் மூலையில் தம்பி மனைவி என்று பிரித்துக்கொண்டோம். பாதிச் சண்டை அதிலேயே குறைந்தது. ஆனால் காண்ட்ராக்டரிடம் பேசுவது ஒரே ஆளாக இருக்கட்டும். அப்பா காலையில் ஒன்று சொல்லி, மகன் மாலையில் மாற்றி, மருமகள் இரவில் வாட்ஸ்அப்பில் வேறொன்று அனுப்பினால், கடைசியில் எதைச் செய்தாலும் "நீங்கதானே சொன்னீங்க" என்பார்கள்.

சமையலறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் வீட்டில் அதிகம் தேய்வது அதுதான். சுவரை எடுத்துத் திறந்த சமையலறை வைப்பது இப்போது பிடித்தமானதாக இருக்கிறது. மிளகாய் வறுக்கிற, கருவாடு பொரிக்கிற வீட்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். வெளிச்சம்தான் வேண்டுமென்றால் கண்ணாடி வைத்த கதவு போதும். மேடையின் உயரத்தை முக்கியமாகப் பாருங்கள். சமைப்பவரை நிற்கவைத்து, மாவு பிசைவதுபோல் கையை வைக்கச் சொல்லி, தரையிலிருந்து அளந்து எழுதிக் கொடுங்கள். எதுவும் சொல்லாமல் விட்டால் அவர்களுக்குப் பழகிய அளவில் செய்துவிட்டுப் போவார்கள். எங்கள் அம்மா குள்ளம். வழக்கமான அளவில் செய்திருந்தால் தினமும் தோளைத் தூக்கிக்கொண்டே காய் நறுக்கியிருப்பார். கிரைண்டருக்குத் தனி இடம், அதற்குப் பக்கத்தில் பிளக், அதைத் தூக்காமலே கழுவ வசதி. அரிசிக்குக் கீழே ஆழமான இழுப்பறை. இவற்றையெல்லாம் வரைபடத்தில் எழுத்தாகவே குறிக்கச் சொல்லுங்கள்.

பூஜை அறையைப் பெரும்பாலும் பழைய ஸ்டோர் ரூமில் வைப்போம். விளக்குக்கு நேர் மேலே மரத் தட்டு வராமல், பின்சுவரில் டைல்ஸ் ஒட்டி, புகை வெளியேற வழி விட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

அரசாங்கம் எதைச் செய்து தருகிறது என்று பாருங்கள்

குளியலறையை உடைக்கும் முன், உங்கள் புளோக்கில் இல்ல மேம்பாட்டுத் திட்டம் வந்துவிட்டதா, வரப்போகிறதா என்று வீவகவிடம் கேளுங்கள். 2007-இல் தொடங்கிய இந்தத் திட்டம் முதலில் 1986 வரை கட்டிய வீடுகளுக்கு இருந்தது, பிறகு 1997 வரை கட்டியவற்றுக்கும் நீட்டிக்கப்பட்டது. புளோக்கில் தகுதியுள்ள குடிமக்கள் வீடுகளில் முக்கால்வாசி சம்மதித்தால் வேலை நடக்கும். சிமெண்ட் பெயர்ந்ததைச் சரிசெய்வது, பொதுக் கழிவுநீர்க் குழாய் மாற்றுவது போன்ற அத்தியாவசிய வேலைகளுக்குக் குடிமக்கள் காசு கொடுக்க வேண்டாம். கழிவறை மேம்பாடு, புது வாசற்கதவு, இரும்பு கேட், குப்பைப் போடும் மூடி போன்றவை விருப்பம்தான். அவற்றுக்கும் வீட்டின் வகையைப் பொறுத்து 5-லிருந்து 12.5 விழுக்காடுதான் நம் பங்கு. இது வருகிற நேரத்தில் நீங்கள் பெருஞ்செலவில் குளியலறை கட்டி முடித்திருந்தால், குழாய் மாற்றும்போது அந்தப் புது டைல்ஸில் கை வைக்க வேண்டி வரலாம்.

சிங்கப்பூர்க் குடிமக்களாக இருந்து, வீட்டில் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் இருந்தால் 'ஈஸ்' திட்டத்தில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரைப்பூச்சு, சாய்தளம் ஆகியவற்றைச் சலுகை விலையில் போட்டுத் தருவார்கள். அன்றாட வேலைக்கு உதவி தேவைப்படுகிறவர் என்றால் 60 வயதிலிருந்தே கேட்கலாம். பெரியவர்கள் "எனக்கு எதுக்கு கம்பி, நான் நல்லாத்தானே நடக்கிறேன்" என்பார்கள். எங்கள் அப்பாவும் சொன்னார். துண்டு போடும் கம்பி என்று சொல்லிப் போடலாம் என்றான் தம்பி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. துண்டுக் கம்பி ஆள் எடையைத் தாங்காது, எது எதற்கு என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உட்கார்ந்து பேசினோம், சம்மதித்தார்.

பணமும் காண்ட்ராக்டரும்

மத்திய சேமநிதிப் பணத்தை வீடு வாங்க எடுக்கலாம், புதுப்பிக்க எடுக்க முடியாது. வங்கிகளின் புதுப்பிப்புக் கடன் பொதுவாக 30,000 வெள்ளி அல்லது மாத வருமானத்தில் ஆறு மடங்கு, எது குறைவோ அதுவரை கிடைக்கும், ஐந்து ஆண்டுக்குள் கட்ட வேண்டும். சோபா, ஃபிரிட்ஜ் வாங்க அது உதவாது. மொத்தக் கணக்கில் பத்தில் ஒரு பங்கையாவது தொடாமல் வையுங்கள். பழைய வீட்டைத் திறந்தால் ஏதாவது ஒன்று வெளியே வராமல் இருக்காது. வீட்டின் குத்தகையில் எத்தனை ஆண்டு மிச்சம் இருக்கிறது என்பதையும் மனத்தில் வைத்துச் செலவு செய்யுங்கள்.

வீவக வீட்டில் வேலை செய்ய, கழகத்தின் பட்டியலில் பதிவான காண்ட்ராக்டராக இருக்க வேண்டும். பெயரை நீங்களே இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். சன்னல் வேலைக்குத் தனிப் பட்டியல் உண்டு. மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள், ஆனால் ஒரே வேலைப் பட்டியலைக் கொடுத்துக் கேளுங்கள். 'குளியலறை வேலை, மொத்தம்' என்று ஒற்றை வரியில் விலை எழுதித் தருகிறவரிடம் போகவேண்டாம். உடைப்பது, குப்பை அகற்றுவது, நீர்க்காப்புப் பூச்சு எத்தனை அடுக்கு, குழாய் எந்த உலோகம், டைல்ஸ் ஒட்டுவது என்று தனித்தனியாக இருக்க வேண்டும். விலை குறைவான தாளில் பெரும்பாலும் ஏதாவது ஒன்று விட்டுப் போயிருக்கும்.

முன்பணத்தில் கவனம். என் அத்தை மகன் ஒருவர் வேலை தொடங்கும் முன்பே பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டார். இரண்டு குளியலறையையும் உடைத்துப் போட்டுவிட்டு மூன்று வாரம் யாரும் வரவில்லை. குடும்பமே பக்கத்துப் புளோக்கில் இருந்த மாமியார் வீட்டுக்குக் குளிக்கப் போய் வந்தது. வேலை முடிய முடியப் பணம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கையெழுத்தின்போது கொஞ்சம், உடைத்துக் குழாய் போட்டபின், டைல்ஸ் முடிந்தபின், அலமாரி வந்தபின், கடைசிப் பத்து விழுக்காடு எல்லாம் சோதித்தபின். பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் அங்கீகாரம் பெற்ற நிறுவனமென்றால் முன்பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு. தகராறு முற்றினால் 20,000 வெள்ளி வரை சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் கேட்கலாம், இருதரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. அதற்கும் எழுத்து வேண்டும், அதனால் வாய்ப்பேச்சை அன்றிரவே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

டைல்ஸையும் குழாய்த் தலைகளையும் நீங்களே வாங்குவதானால் ஜாலான் புசார், பாலஸ்டியர் பக்கம் ஒரு சனிக்கிழமை எல்லோருமாகப் போங்கள். டைல்ஸை ஈரமாக்கி, செருப்பைக் கழற்றி, பெரியவர்களை மிதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அனுமதி, நேரம், அக்கம்பக்கம்

சுவர் இடிப்பது, குளியலறைத் தரையை மாற்றுவது போன்றவற்றுக்கு வீவக அனுமதி வேண்டும். காண்ட்ராக்டர்தான் விண்ணப்பிப்பார், நீங்கள் அனுமதி வந்த தாளைக் கண்ணால் பாருங்கள். தூண், விட்டம், கட்டடத்தைத் தாங்கும் சுவர் ஆகியவற்றைத் தொடவே கூடாது. பழைய டைல்ஸ்மேல் புது டைல்ஸ் ஒட்டலாம், ஆனால் சிமெண்ட் தளத்தோடு சேர்த்து மொத்தக் கனம் 50 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. முந்தைய வீட்டுக்காரர் ஏற்கெனவே ஒரு அடுக்கு ஒட்டியிருந்தால் இடம் இருக்காது.

குடியிருக்கும் புளோக்கில் வேலையை அனுமதி கிடைத்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். பொதுவான வேலை திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6 மணி வரை. உடைப்பது, டைல்ஸ் வெட்டுவது போன்ற இரைச்சல் வேலை வார நாளில் 9 முதல் 5 வரைதான், சனி, ஞாயிறு, பொது விடுமுறையில் கிடையாது. தீபாவளி, சீனப் புத்தாண்டு போன்ற பெருநாளுக்கு முந்தின நாளும் கிடையாது. தீபாவளிக்குள் குடிபோக நினைத்தால் ஜூலையிலேயே காண்ட்ராக்டரைப் பேசி முடியுங்கள்.

அறிவிப்புத் தாளை ஒட்டுவது காண்ட்ராக்டர் வேலை. நேரில் போய்ச் சொல்வது நம் வேலை. மேல், கீழ், இருபக்கம் எல்லா வீட்டுக்கும் அம்மா முறுக்கு டப்பாவோடு போனார். கீழ்வீட்டு ஆண்ட்டி, தன் மகன் இரவு ஷிப்ட் முடித்து வந்து காலையில் தூங்குவான் என்றார். உடைக்கும் நாட்களை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட்டோம். அந்த அறிமுகம் அடுத்து எங்களுக்கே உதவியது.

வேலையின் வரிசை

உடைப்பது, குழாய், வயரிங், நீர்க்காப்பு, டைல்ஸ், பொய்க்கூரை, அலமாரி, பெயிண்ட். ஏர்கான் குழாயைப் பொய்க்கூரைக்கு முன் போட வேண்டும். அலமாரிக்கு அளவெடுப்பது டைல்ஸ் ஒட்டிய பிறகுதான். குழாயும் வயரும் போட்டு சுவரை மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப் வைத்துப் படம் எடுங்கள். பின்னால் ஒரு ஆணி அடிக்க அந்தப் படம்தான் துணை.

நீர்க்காப்புப் பூச்சு காய்ந்ததும் தண்ணீர் தேக்கிப் பார்க்கும் சோதனை. இதற்கு நீங்களே நேரில் இருங்கள். துளையை அடைத்து, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, 24 மணி நேரம் விட வேண்டும். பக்கத்தில் ஒரு தட்டையான பேசினிலும் தண்ணீர் வைத்துக் கோடு போடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு குறைந்தால் அது ஆவியானது. தரையில் மட்டும் அதிகம் குறைந்தால் கசிகிறது. மறுநாள் காலை அப்பா டார்ச்சோடு போய்ப் பார்த்தார். பேசினில் கோடு அப்படியே இருந்தது. தரைத் தண்ணீர் பென்சில் கோட்டுக்குக் கீழே ஒரு விரல் இறங்கியிருந்தது. கீழ்வீட்டு ஆண்ட்டியும் கதவைத் திறந்து தன் கூரையைக் காட்டினார், அங்கே உள்ளங்கை அளவு ஈரம். அப்பா காசைத் தட்டி வெற்றுச் சத்தம் கேட்ட அதே துளையைச் சுற்றித்தான் பூச்சு சரியாக ஏறவில்லை. சுரண்டி எடுத்து மறுபடி பூசி, மறுபடி தேக்கி, மூன்று நாள் போனது. அந்த மூன்று நாளுக்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. டைல்ஸ் ஒட்டிய பிறகு தெரிந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

டைல்ஸ் முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டுங்கள். தேங்காமல் துளைக்கு ஓட வேண்டும். வேலை நடக்கும் நாட்களில் எங்கும் தண்ணீர் நிற்கவிடாதீர்கள், கொசு முட்டையிட ஒரு பெயிண்ட் டப்பா மூடி போதும்.

குடும்பத்தோடு செய்யக்கூடிய வேலை பெயிண்ட். ஒரு சனிக்கிழமை நாங்கள் ஐந்து பேரும் அறைகளுக்கு அடித்தோம். கூரையை மட்டும் ஆளிடம் விட்டோம்.

கடைசிப் பணம் கொடுக்கும் முன்

எல்லோரும் போய் ஒருநாள் முழுக்க அந்த வீட்டில் இருங்கள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறங்கள். இரண்டு ஏர்கான், வாட்டர் ஹீட்டர், கிரைண்டர் எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிட்டு மின்சாரம் தாங்குகிறதா பாருங்கள். இழுப்பறையில் உண்மையாகவே அரிசி மூட்டையை வையுங்கள். குறையுள்ள இடத்தில் நிறத் தாள் ஒட்டி, படம் எடுத்து, பட்டியல் அனுப்புங்கள். அது சரியான பிறகு மீதிப் பணம்.

பால் காய்ச்சும் நாளைத் தண்ணீர்ச் சோதனை தேறிய பிறகு குறியுங்கள். முன்பே முகூர்த்தம் பார்த்துவிட்டால், தேதி நெருங்க நெருங்க நாமே அவசரப்படுத்தி வேலையைக் கெடுப்போம். அப்புறம், நாள் குறித்த கையோடு எரிவாயு இணைப்புக்கும் சிட்டி எனர்ஜியில் (பழைய பெயர் சிட்டி கேஸ்) நேரம் வாங்கிவிடுங்கள். அவர்கள் ஆள் வந்து திறந்துவிட்டால்தான் அடுப்பு எரியும்.